பிழைதிருத்தம்

குன்னூரில், மாடியேறினால் இரண்டாவது அறை.
மே மாதத்திலும் கோப்புகளில் ஈரம்.
பத்தொன்பது வருடமாகப்
பிறர் எழுதியதற்கு ஒற்றும் புள்ளியும் வைக்கிறேன்.
அரசாங்கத்தில் என் பங்கு அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் ஒரு வரைவு விதி வந்தது.
தேயிலைத் தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே
காப்பகம் அமைக்க வேண்டும்.
ஆயா ஒருவர், பால், கதவுள்ள கழிப்பறை.
கருத்துச் சொல்ல முப்பது நாள்.

கொலக்கம்பையிலிருந்து வந்தது முப்பத்துநான்காம் நாள்.
மண் சரிந்து பஸ் ஓடவில்லை என்று
உறையின் மேலேயே எழுதியிருந்தார்கள்.
கோடு போட்ட நோட்டுத்தாள், நூற்றுப்பதினெட்டுக் கைநாட்டு,
நடுவில் ஞானசௌந்தரி என்று ஒரே ஒரு கையெழுத்து.
"எங்க அம்மா இலங்கையில கொழுந்தெடுக்கையில
பிள்ளைக்காம்பரா இருந்துச்சு. இங்க
மரத்தடியில விட்டுட்டுப் போறோம்.
போன மாசம் காட்டெருமை வந்து நின்னுச்சு.
ஒண்ணும் செய்யல. பாத்துட்டுப் போயிருச்சு."
'காலங்கடந்து பெறப்பட்டது' முத்திரையை
நான்தான் குத்தினேன். மை புதுசு.

முதலாளிகள் சங்கத்தின் கருத்து தபாலில் வரவில்லை.
மூன்றாம் நாளே குருவிளா சார் கொண்டுவந்தார்,
கூடவே எல்லோருக்கும் வர்க்கி,
எனக்குத் தனியாக ஒரு டப்பா முதல்தரத் தேயிலை.
நல்ல மனிதர். என் மகள் எந்தக் கல்லூரி என்று
ஞாபகம் வைத்திருப்பார். அதிராத குரல்.
ஏல விலை, கென்யா, உரம்.
"தோட்டத்தையே மூடினால்
பிள்ளைகளை எங்கே வைப்பீர்கள்?"
விதியையே திருத்தி எழுதிப்
பென் டிரைவில் வைத்திருந்தார்.
"உங்களுக்கும் டைப்பிங் வேலை மிச்சம், மேடம்."

மிச்சம்தான்.
சென்னையில் ஒரு கூட்டம், கோவையில் ஒரு விருந்து.
மறுவருட உறைபனியில் அரசிதழ் வந்தது.
பத்து, ஐம்பது ஆகியிருந்தது.
'அமைக்க வேண்டும்' இருந்த இடத்தில்
'இயன்றவரை அமைக்கலாம்'.
வேண்டும் என்றால் சுவர் வேண்டும், கூரை வேண்டும்.
லாம் என்றால்
பேசலாம், பார்க்கலாம்.
எழும்பாத கட்டடத்தை இடிக்க
நம் மொழியில் இரண்டு எழுத்து போதும்.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
மூன்றாம் பத்தி, இரண்டாம் வரி:
'குழைந்தைகள்'.
ழகரத்துக்கு முன்னால் வேண்டாத ஓர் இணைக்கொம்பு.
அந்தப் பென் டிரைவில், அதே பத்தியில்
அதே பிழையைப் பார்த்திருந்தேன்.
அவர்களுடையதுதானே என்று விட்டுவிட்டேன்.
அது கோட்டைக்குப் போய்,
மூன்று மேசை கடந்து,
கையொப்பம் வாங்கிக்கொண்டு மலையேறி வந்திருக்கிறது,
ஒரு கண்ணும் படாமல்.

பொறுக்கவில்லை. குறிப்பு எழுதி அனுப்பினேன்.
கொம்பைப் பற்றியும் எழுதினேன்,
லாமைப் பற்றியும்.
ஆறே வாரத்தில் பிழைதிருத்தம் வெளியானது.
"'குழைந்தைகள்' என்பதைக்
'குழந்தைகள்' எனத் திருத்திப் படிக்கவும்."
வேறொன்றும் இல்லை.

ஒரு புதன்கிழமை விடுப்பெடுத்துக்
கொலக்கம்பை பஸ் ஏறினேன், எதற்கென்று தெரியாமல்.
இடுப்புவரை பச்சைக்குள் பெண்கள்.
சில்வர் ஓக் அடியில் நான்கு பிள்ளைகள்.
மூத்தவளுக்கு ஆறு வயதிருக்கும்.
தூக்குச்சட்டிச் சோற்றைக்
குழைத்துக் குழைத்து
சின்னதுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

என் செருப்பைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.
கையை உதறிவிட்டு எழுந்து கேட்டாள்:
"நீங்கதான் ஆயாவா?"