மற்றவை

செவ்வாய்ப்பேட்டை அரிசி மண்டிக்கு மேல்மாடி.
ஞாயிறு காலை. இருபது பேரை அழைத்து
வந்து சேர்ந்தது பதினொரு பேர்.
கோயமுத்தூர் ஆலோசகர்
சுவரில் சார்ட் தாளை ஒட்ட ஒட்ட
மின்விசிறி பிய்த்துப் பிய்த்துப் போட்டது.
விசிறியை நிறுத்தினோம்.
மூன்றாண்டுத் திட்டம் வியர்வையில் தொடங்கியது.

பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்:
நான்கு கட்டம்.
பலத்தில் ‘வேன்’ என்று எழுதினார் செயலாளர் நஞ்சுண்டன்.
பலவீனத்திலும் ‘வேன்’ என்று எழுதினார்
அதை ஓட்டும் இதயத்துல்லா.
இரண்டையும் அழிக்கவில்லை.

‘முதியோர்’ என்பதா, ‘மூத்த குடிமக்கள்’ என்பதா
என்று நாற்பது நிமிடம்.
உருக்காலையில் ஓய்வுபெற்ற துளசிராம்
தனக்கு இரண்டும் வேண்டாம் என்றார்.
தட்டுவடை செட் வந்தது.
பீட்ரூட் துருவல் தவறி விழுந்து
குறிக்கோள் வாசகத்தில்
‘கண்ணியம்’ மட்டும் சிவந்துபோனது.

கணக்கு என் பொறுப்பு.
ஒருவரை ஒருமுறை பார்த்துவர ஆகும் செலவு:
குகையில் பதினெட்டு ரூபாய்,
அம்மாப்பேட்டையில் இருபத்தொன்று,
மலையில் நூற்று எழுபது.
இருபது கொண்டை ஊசி வளைவு, ஒன்பது பேர்,
போக வர ஒரு முழுப் பகல்.
எண்ணைச் சொல்கிறபோது
குரலும் எண்ணாகவே இருக்கப் பழகியிருக்கிறேன்.
“மலைத் தடத்தை மறுபரிசீலனை செய்யலாம்”
என்றார் ஆலோசகர்,
பச்சை ஸ்கெட்ச் பேனாவின் மூடியைத் தேடியபடி.
மறுபரிசீலனை என்றால் என்னவென்று
அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் அந்தக் கட்டைப் பிரித்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்.
‘உங்களுக்கு என்ன உதவி தேவை?’
உணவு, மருந்து, பேச்சுத்துணை:
டிக் அடித்ததெல்லாம் கணினியில் ஏறிவிட்டது.
கடைசி வரி, ‘மற்றவை’. அது ஏறவில்லை.
மென்பொருளில் அதற்குக் கட்டம் இல்லை.

படித்தேன்.
கால் நகம் வெட்ட.
குனிய முடியல. நகம்.
பல்பு மாத்தணும். கால் நகமும்.
மருமக கிட்ட கேக்கக் கூச்சம்.
நகம் செருப்புல இடிக்குது, பேங்குக்குப் போறதில்ல.
நகம்.
நகம்.
அறுபத்தோரு பேர்.

செருப்பையெல்லாம் படிக்கட்டில் விட்டிருந்தோம்.
துளசிராம் தன் பாதங்களை மெல்ல
நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

“இதை எந்த இலக்கின் கீழ் போடுவது?”
கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார் ஆலோசகர்.
ஆரோக்கியமா, நடமாட்டமா, அந்தச் சிவந்த சொல்லா?
முடிவாகவில்லை.
சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண்டவர்கள் வெட்டக்கூடாது
என்றார் டாக்டர் யசோதரா. குறித்துக்கொண்டோம்.
கனமான நகவெட்டி நான்கு, பேசின் நான்கு, துண்டு ஒரு டஜன்,
செவிலியர் கல்லூரிக்கு ஒரு கடிதம்.
மலைத் தடம்: அடுத்த கூட்டத்துக்கு.

செவ்வாய்க்கிழமை, நாகலூர் தாண்டி,
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கிடையே
வேன் நின்றது.
வெள்ளச்சி. எழுபத்தெட்டோ எண்பத்தாறோ,
அட்டைக்கு அட்டை வயது வேறு.
வெந்நீரில் ஊறிய பிறகும்
கட்டைவிரல் நகம் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்து கிடந்தது.
மாணவி பிலோமினா அரைமணி நேரம்
இடது காலோடு மல்லுக்கட்டினாள்.
வலது காலைக் கேட்டதும்
சேலைக்குள் மடக்கிக்கொண்டாள் வெள்ளச்சி.

“இது இருக்கட்டும் சாமி.
ரெண்டையும் முடிச்சுட்டா
அப்புறம் எதுக்கு வருவீங்க?”

வேனில் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதினேன்:
வெள்ளச்சி, நாகலூர் மேல்காடு.
இடது, முடிந்தது.
வலது, நிலுவை.