ஏழாவது கோப்பை

ரூசான் நாற்பது, மார்சான் முப்பத்தைந்து,
மீதி வியோனியே என்று
சமையலறை மேசையில் அளக்கிறாள் டெல்ஃபினா.
அளவுக் குழாய்
மகன் பள்ளி ஆய்வகத்தில் சுட்டு வந்தது.

"வியோனியே வாயாடி" என்கிறான் ஆரின்,
"ஐந்து சொட்டு விட்டாலும் அதுதான் பேசும்."
அவளுக்கோ மார்சான்மேல் கோபம்:
கல்யாண வீட்டுக்கு வந்த கடன்காரன் மாதிரி
வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

பாசோ ரோபிள்ஸில் பிப்ரவரி மழை.
வேலியோரப் பாதாம் பூத்து, நனைந்து, கொட்டுகிறது.
வங்கித் தவணை வெள்ளிக்கிழமை.

ஆறு கோப்பைகள்.
ஆறிலும்
ஒரு திராட்சை இன்னொன்றை நம்பவில்லை.

கழுவச் சோம்பி
மிச்சத்தையெல்லாம் ஒரே ஜாம் பாட்டிலில்
ஊற்றி வைத்திருந்தார்கள்.
பம்பு பழுதுபார்க்க வந்த மைத்துனன் காஸ்பர்
கேட்காமல் எடுத்துக் குடித்தான்.

பேசவில்லை.
மறுபடி ஊற்றிக்கொண்டான்.
ஆரின் பிடுங்கி ஒரு வாய்:
பேரிக்காய், நனைந்த சுண்ணாம்புக் கல்,
பிழிந்தபின் கையில் ஒட்டும் தேன்மெழுகு.

"இதில் எது எவ்வளவு?"

நோட்டில் ஆறு வரிதான்.
ஏழு என்று எண் போட்டுவிட்டுப்
பேனாவோடு நிற்கிறாள் டெல்ஃபினா.
பாட்டிலில் இன்னும் இரண்டு விரற்கடை.

ஆரின் மூடியைத் தேடுகிறான்,
காஸ்பருக்கு எட்டாத அலமாரியையும்.