ஈரப்பதம்

காகிதத் துண்டைக் கீழிமையில் மாட்டிவிட்டு
ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார்கள்.
தஞ்சாவூர், மருத்துவக் கல்லூரி சாலை, இரண்டாம் மாடி.
உறுத்தும் காகிதத்தோடு இமைக்குள்ளேயே
விலைகளைத் திரும்ப எண்ணினேன்.

பிளேடு வைத்து மூடி திறக்கும் பழைய லேசிக் முப்பத்தெட்டாயிரம்.
பிளேடே இல்லாதது அறுபத்தைந்து.
மூடியும் இல்லாமல் எள்ளளவு துவாரத்தில்
உள்ளிருந்து உருவியெடுப்பது தொண்ணூற்றெட்டு.
கருவிழியை விட்டுவிட்டு உள்ளே லென்ஸ் பதிப்பது
ஒன்றே முக்கால் லட்சம், மருந்து தனி.
"ரெண்டு கண்ணுக்கும் சேர்த்துத்தான் மேடம்"
என்றாள் ஆலோசகர் ரெஜினா.
ஒரு கண்ணுக்கு மட்டும் யாரோ கேட்டிருப்பார்கள் போல.
அவள் கண்ணாடி போட்டிருந்தாள்.
ஏன் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
வடுவூர்ப் பக்கம் நெல் கொள்முதல் நிலையம்,
தார்ப்பாய்க்கும் தராசுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
இடது மைனஸ் ஏழே கால், வலது ஆறரை.
தூற்றும்போது சுணை பறக்கும்.
காண்டாக்ட் லென்ஸ் போட்ட அன்று
மத்தியானத்துக்குள் கண் மிளகாய்ப் பழம்.
கண்ணாடியோ வியர்த்த மூக்கில் வழுக்கி
எண்ணுகிற மூட்டைக்குள்ளேயே விழும்.

மூட்டைக்கு இத்தனை என்று நீயும் கையை நீட்டியிருந்தால்
போன சம்பாவிலேயே கண் திறந்திருக்கும் என்றான்
சுமை தூக்கும் அமிர்தலிங்கம், சிரித்துக்கொண்டே.
சீட்டைத் தள்ளி எடுத்தால் எண்பத்திரண்டாயிரம் வரும்.
மூன்றாவதுக்குப் பதினாறு குறைகிறது.
தோடு வைத்தால் சரியாகும்.
தோடு வைத்தால் அம்மாவுக்குத் தெரியும்.

மணி அடித்தது. காகிதத்தை உருவினார்கள்.
"நாலு மில்லிமீட்டர்தான் நனைஞ்சிருக்கு.
பத்தாவது வேணும்."
டாக்டர் திரையைத் திருப்பினார்.
நடுவில் நீலம், ஓரங்களில் பச்சை,
தண்ணீர் நின்ற வயலை மேலிருந்து எடுத்த படம் மாதிரி
என் கருவிழி.
நானூற்று எழுபத்தொன்று. மெல்லிசு.
முதல் இரண்டும் கிடையாது. மூன்றாவது சந்தேகம்.
நாலாவது தாராளமாகச் செய்யலாம்.

தை கடைசியில் மழை பிடித்த வாரம்
எடமேலையூர் சௌந்தரவல்லி நெல் கொண்டுவந்தார்.
கருவியில் பதினேழு புள்ளி ஆறு.
"அரைப் புள்ளிதானே தாயி."
காயப்போட்டுக் கொண்டாங்க என்றேன்.
ரெண்டு நாள் தார்ச்சாலையில் பரப்பிக் கிளறி
மூன்றாம் நாள் பனி குடித்துப்
பதினெட்டாகக் கொண்டுவந்தார்.
ஒனக்குக் கண்ணுல ஈரமே கெடையாதா என்று
எல்லார் முன்னாலும் கேட்டார்.
நாலு மில்லிமீட்டர் இருக்கிறது என்று
இன்றைக்கென்றால் சொல்லியிருப்பேன்.

"தளர்வு ஏதும் உண்டா சார்?"
வாய் தானாகக் கேட்டுவிட்டது.
டெல்லியிலிருந்து குழு வந்து
நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுப் போனால்
எங்களுக்கு வருமே, அந்த ஞாபகத்தில்.
டாக்டருக்குப் புரியவில்லை.
"ஆறு வாரம் சொட்டு மருந்து, நாளுக்கு ஆறு தரம்.
ஈரம் வந்தா மூணாவதை யோசிப்போம்.
தூசியில நிக்காதீங்க."

ரெஜினா லிஃப்ட் வரை வந்தாள்.
தவணை உண்டு, வட்டியில்லை,
இந்த மாதத்துக்குள் என்றால் ஐந்தாயிரம் கழிவு.
கதவு மூடும் முன் குரலைத் தாழ்த்தி
"எனக்கும் மெல்லிசுதான் மேடம்" என்றாள்.

மன்னார்குடி பஸ், சன்னலோரம்.
நானூற்று இருபது ரூபாய்ச் சொட்டு மருந்து மடியில்.
பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு
யாருடைய நெல்லோ காய்கிறது.
டிரைவர் வேகம் குறைத்து ஒதுங்கும் நேரம் பார்த்துக்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
முதல் சொட்டை விடுகிறேன்.
பாதி கன்னத்தில் போகிறது.
"ஏன் அழுவுற?" என்கிறார்
பக்கத்து சீட்டுக்காரர், டிக்கெட்டை மடித்தபடி.
மறு கண்ணுக்குத் தலையைச் சாய்க்கிறேன்.