கூலி வாங்காத குழிகள்

தோல் ஷாப்பு வாடை முடிகிற இடத்தில்
என் வட்டாரம் தொடங்குகிறது.
பதினோரு ஊர், ஒரு சைக்கிள்,
அச்சடித்த அஞ்சலட்டை ஒரு கட்டு.
நோயின் பெயர், வயது, தெரு
நிரப்பி மேல்பட்டித் தபால்பெட்டியில் போட்டால்
வேலூரில் ஒருவர் வரைபடத்தில் ஊசி குத்துவார்.
அவரை நான் பார்த்ததில்லை.
என் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

யாரும் நோயின் பெயரைச் சொல்வதில்லை.
"அம்மா வந்திருக்கா" என்பார்கள், குரலைத் தாழ்த்தி,
அவள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று.
நான் நிலையில் செருகிய வேப்பிலையைத்தான் விசாரிப்பேன்.
பச்சை என்றால் இன்று, நேற்று.
ஓரம் சுருண்டிருந்தால் நாலு நாள்.
உதிர்ந்து காம்பு மட்டும் நின்றால்
தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்.
இல்லையென்றால்
அடுத்த கேள்வியை வாசலில் நின்று கேட்க முடியாது.

சாவுக்கு வேறு ஆட்கள்.
பேரணாம்பட்டு கபரஸ்தானில் நோட்டு உண்டு,
ரஜப் இருபது, ஷாபான் ஏழு என்று அழகான எழுத்தில்.
என் படிவத்துக்குப் பிறை தெரியாது;
காலண்டரைப் புரட்டிப் புரட்டி மாற்றி எழுதுவேன்.
பூக்கடை ரங்கநாயகி மாலைக் கணக்குச் சொல்வாள்.
பாலாற்றங்கரைக்குக் கன்னியப்பன்.

"ஆடியில எத்தன?"
"ஒம்போது."
என் நோட்டிலும் ஒன்பது.
இப்படிப் பொருந்தி வந்ததே இல்லை.
சந்தோஷத்தில் டீ வாங்கித் தந்தேன்.
குடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்:
"சின்னக் குழி சேக்கலம்மா.
அதுக்குக் கூலி வாங்கறதில்ல.
வாங்காதது கணக்குல எப்படி வரும்?"

சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால்
மணல் இன்னும் நிறம் மாறாத இடங்கள்,
ஒவ்வொன்றும் இரண்டு முழம்,
நாய் தோண்டாமலிருக்க மேலே முள்ளும் கல்லும்.
ஆறு.
ஏழாவதைக் குச்சியால் காட்டி
"இது போன வருஷம், வேணாம்" என்றார்.
பெயர் கேட்டேன்.
"இது பூங்காவனம். பக்கத்துல அவ தம்பி.
இதுக்கு இன்னும் வெக்கல."

ஆறு அட்டை, ஒரே தெரு.
மூன்றாவதில் பேனா நின்றுபோனது.
உதறி எழுதினேன்.
வேலூர்க்காரருக்கு இடம் போதாமல்
ஊசிகளைச் சாய்த்துக் குத்தியிருப்பார்.

சனிக்கிழமை ஜீப் வந்தது, ஐஸ் பெட்டியோடு.
இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை.
"அம்மா இருக்கறப்ப ஊசியா?" என்று உள்ளிருந்து ஒரு குரல்.
இருட்டும்வரை அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில்
சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.
ஒன்று திறந்தது.

இப்போது கன்னியப்பனிடம் ஒரு போன்விட்டா டப்பா இருக்கிறது.
சின்னக் குழிக்கு ஒரு புளியங்கொட்டை.
படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது,
ஓரத்தில் எழுதுகிறேன்.
மாதக் கடைசியில் டப்பாவைக் காதோரம் வைத்து ஆட்டுவேன்.
சத்தம் வராத மாதங்களும் உண்டு.
அப்போதும்
மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான்
சைக்கிளை எடுப்பேன்.