தெளிவில்லை

ஒரு நிமிட ஒலிப்பதிவுக்கு ஏழு ரூபாய்.
பேச்சில்லாத நிமிடத்துக்குக் காசில்லை என்று
முதலிலேயே சொல்லிவிட்டார் ஆய்வாளர்.
ஆனைகட்டி செக்போஸ்டை ஒட்டிய
ஜெராக்ஸ் கடைப் பின்னறை.
வெளியே திரும்ப இடமில்லாமல்
லாரிகள் ஹாரன் அடிக்கின்றன.

கோப்பின் பெயர் குரல் ஏழு.
எடுத்ததும் அவள் சொன்னது தன் பெயரை.
"ரேசி. மருதன் மக.
ரேஷன் கார்டுல ராசின்னு போட்டுட்டான்,
நீயாவது சரியா எழுது."
ரெண்டு தடவை சொன்னாள்.

நாலாம் நிமிடத்துக் கேள்வி நீளமானது.
அதிகாரம், அடையாளம், விளிம்பு.
அது முடிவதற்குள் ஒரு கோழி கத்தி ஓய்ந்தது.
ரேசி பேசவில்லை. நாற்பத்தொரு நொடி.
எனக்கு அஞ்சு ரூபாய் போச்சு.
பிறகு எங்கோ தூரத்தில், ஏய்! ஏய்!
ஆடு துவரைக்குள் இறங்கியிருக்க வேண்டும்.
கல் விழுகிற சத்தம்.
மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து
"என்ன கேட்டே?" என்றாள்.

அந்த நாற்பத்தொரு நொடிதான்
பாலக்காட்டுக் கருத்தரங்கில்
பதினாறு பக்கமாயிற்று.
'மறுக்கும் மௌனம்.'
அதில் ஆடு இல்லை, துவரை இல்லை.
ரேசியும் இல்லை.
நட்சத்திரக் குறி போட்டு அடியில்,
பொடி எழுத்தில், அறம் கருதி,
பெயர் மாற்றப்பட்டுள்ளது.

அவள் கேட்டதும் இல்லை.
"நானூத்திப் பன்னெண்டுல மூணு,
எங்கப்பன் உழுத காடு.
வேலி போட்டுட்டான்.
யாருகிட்டப் போயி கேக்க?
அகளியா, மண்ணார்க்காடா?"
ஆய்வாளர் சொன்னார்: ம்ம்.
ம்ம் என்று அடித்தேன்.
அதற்குக் காசுண்டு.

அவரைச் சொல்லிவிட்டு நான் தப்ப முடியாது.
அவள் பேச்சையெல்லாம் என் தமிழாக்கியது நான்தான்.
மண்ணைப் பற்றி ஒரு சொல் சொன்னாள்,
பிடிபடவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டினேன்.
கடை சாத்துகிற நேரம்.
'தெளிவில்லை' என்று போட்டேன்.
அப்படிப் பதினோரு இடத்தில்.

தெளிவாகத்தான் இருந்தது.
ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

போன வெள்ளிக்கிழமை கார்டை நீட்டி
"முன்னும் பின்னும் ரெண்டு காப்பி" என்றாள் ஒருத்தி.
நிமிர்வதற்கு முன்பே குரல் தெரிந்துவிட்டது.
கார்டில் மலையாளத்தில் ராசி.
அந்தச் சொல் என்னவென்று கேட்க வாயெடுத்தேன்.
மெஷின் வெளிச்சம் ஒரு தரம் போய்த் திரும்பியது,
இன்னொரு தரம்.
அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பிறகு சில்லறையை எண்ணி வைத்தாள்,
நாலு ரூபாய், சரியாக.