மிச்சம்

தாம்பெரேயில் மார்ச் மாதத்துக்கு
வெளிச்சம் உண்டு, சூடு கிடையாது.
ஏரி இன்னும் நடக்கிற தரைதான்.
மூன்றாவது மாடியில்,
சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறைக்குள்
சைமி முந்நூறாவது முறையாகச் சொல்கிறாள்:
துலி. நெருப்பு.
தூலி. காற்று.
துல்லி. சுங்கச்சாவடி.

குறில் ஒரு மாத்திரை வழுக்கினால்
தீயணைப்பு வண்டி வரவேண்டிய வீட்டுக்கு
வெறும் காற்று வரும்.
அது வழுக்காமல் பார்த்துக்கொள்ள
எனக்குச் சம்பளம்.

நொடிக்கு எட்டாயிரம் முறை அலையைத் தொட்டுப் பார்க்கிறேன்.
கடந்துபோன பத்து எண்களை எடுத்து
இதற்கு இத்தனை எடை, அதற்கு அத்தனை என்று
பெருக்கிக் கூட்டி
பதினோராவது என்னவாக இருக்கும் என்கிறேன்.
ஜோசியம்தான்.
இருபது மில்லிநொடிக்கு மேல் செல்லாத ஜோசியம்.
பலிக்கிறது, ஏனென்றால்
நாக்கும் தாடையும் சதை;
சதை இடம் மாற நேரம் பிடிக்கும்.

ஆகவே நாங்கள் குரலை அனுப்புவதில்லை.
ஒரு குழாயின் வடிவத்தை அனுப்புகிறோம்:
இங்கே குறுகல், இங்கே அகலம்,
உதட்டருகே இவ்வளவு திறப்பு.
கூடவே, நான் சொன்னதற்கும் நடந்ததற்கும்
இடையில் விழுந்த வித்தியாசத்தை.
அதற்கு மிச்சம் என்று பெயர்.
அந்தப் பக்கம் ஒரு சில்லு
காலிக் குழாயைக் கட்டி
மிச்சத்தை அதற்குள் ஊதும்.

ஒரு மதியம், வேடிக்கைக்கு,
குழாயைக் கழற்றிவிட்டு
மிச்சத்தை மட்டும் ஒலிக்கவிட்டார் ஒஸ்மோ.
தேன்கூடு போல இரையும், சொல் எதுவும் தேறாது என்றேன்.
பந்தயம் ஒரு கோப்பை காபி.
இரைந்தது.
இரைச்சலுக்குள் சைமி இருந்தாள்,
கொஞ்சம் சளியோடு.
துலி. தூலி. துல்லி.
காபி நான்தான் வாங்கினேன்.

இன்னொரு நாள் ஒலிவாங்கி திறந்தே கிடந்தது.
தெருவில் பனி வாரும் லாரி.
எங்கள் நிரலுக்குத் தொண்டை ஒன்றுதான் தெரியும்;
எதைக் கொடுத்தாலும் யாரோ பேசுவதாகவே எடுத்துக்கொள்ளும்.
லாரி அந்தப் பக்கம் போய்
வாய் பொத்தப்பட்ட ஒருவரின் முனகலாக இறங்கியது.
யாரும் சிரிக்கவில்லை.
பிழைப் பட்டியலில் ஏற்றினோம்: 212.

பேசாதபோது எதையும் அனுப்பாதே,
மின்கலம் மிஞ்சும் என்றது மேலிடம்.
அனுப்பவில்லை.
சோதனைக்கு வந்தவர்கள்
லைன் செத்துவிட்டதென்று கருவியைக் கீழே வைத்தார்கள்.
இந்த ஊரில் ஒரு பேச்சில் பாதி
பேசாமலிருப்பதுதான்; அதையும் கேட்க வேண்டும் அவர்களுக்கு.
ஆகவே ஓர் இரைச்சலைப் பொய்யாக எழுதினேன்,
மெல்லியது, யாருடையதும் அல்லாதது.
ஆறுதல் இரைச்சல் என்பார்கள் தொழிலில்.

ஏப்ரலில், செங்கல் கனத்த முன்மாதிரியில்
கெமி துறைமுகத்திலிருந்த தௌனோவை அழைத்தேன்.
விவாகரத்துக் காகிதம் இருவரிடமும் இருந்தது,
கையெழுத்து எதிலும் இல்லை.
பனி உடைகிறதா என்றேன்.
உடைகிறது என்றான்.
பிறகு அவன் பேசவில்லை. நானும்தான்.
அவன் மூச்சு, அதற்குப் பின்னால் கடல்,
இரும்புப் படிகள் என்று
கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது:
அது அவனுடைய மௌனம் அல்ல.
முப்பத்தேழு வரி. என் கையால் எழுதியது.

பதினோரு வருடம் கூட இருந்தவன்.
எடைகள் எல்லாம் என் கைவசம்.
சரி, வைக்கிறேன் என்பான் இப்போது.

துல்லி, என்றான்.

என்ன?

துல்லி. சுங்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது.
அங்கே. உன் ஊரில். ஜூனிலிருந்து.

நான் பதில் சொல்லவில்லை.
அவனுக்கு இப்போது என்ன கேட்கும் என்று யோசித்தேன்.
கைக்கெட்டிய சோதனைத் தாளில்
தேதி போட்டு எழுதினேன்:
இரட்டை மெய்
சேதமில்லாமல் வந்து சேர்ந்தது.