நூற்றொன்று

போன செவ்வாய்வரை லுமாவிக் தீவில்
ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல்
நோய் வந்ததே இல்லை.
மணிலாவுக்கு நான் அனுப்பும் படிவத்தில்
படுக்கை எண் என்ற கட்டத்தில்
நூறுக்கு அடுத்ததைத் தட்டினால்
கட்டம் சிவக்கும்,
கணினி ஒருமுறை முனகும்,
எண் காணாமல் போகும்.

மிச்சப் பேரை
நீல நோட்டில் எழுதிவந்தேன், பதினோரு வருடம்.
மாடிப்படிக்கு அடியில், டெங்கு, சிறுவன்.
பழுதான எக்ஸ்ரே அறை வாசல், இடுப்பெலும்பு.
சிற்றாலயத்தில் இரண்டாம் பெஞ்சு, ஆஸ்துமா,
ஞாயிறு பூசைக்கு மட்டும் எழுந்து இடம் தருவார்.
பிரசவ வார்டில் கட்டிலுக்கு இருவர்,
தலை மாற்றிப் படுத்திருப்பார்கள்.
ஒருத்திக்கு வலி எடுத்தால்
மற்றவளின் பாதம் விறைக்கும்.

நூறை முந்நூறாக்கும் மசோதா
மூன்று முறை காலாவதியாகி
நான்காம் முறை கையெழுத்தாகி வந்தது.
முதல் முறை அதை வாசித்த வாரம்
மாடிப்படிக்கு அடியில் கிடந்த அந்தச் சிறுவன்
இப்போது எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான்.

மொத்தம் ஆறு பிரிவுகள்.
நான்காவதை நர்ஸ் சொலெடாட் உரக்கப் படித்தாள்:
தேவையான நிதி
வரும் ஆண்டுகளின் வரவுசெலவில் சேர்க்கப்படும்.
'ஆண்டுகளின்' என்பதை
மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.
பிறகு ஊசி போடப் போய்விட்டாள்.

வாசலில் தார்ப்பாய் ஏறியது.
பிரதிநிதியின் முகம் ஒரு ஜீப்னி அகலம்,
பல்வரிசை ஒரு தலையணை நீளம்.
நன்றி நன்றி என்று
நாங்கள் சொல்வதாகக் கீழே அச்சடித்திருந்தது.

புதன் காலை ஆறு மணி.
101 என்று தட்டினேன்.
கட்டம் சிவக்கவில்லை.
எண் அப்படியே நின்றது.
எனக்கு ஏனோ உட்கார முடியவில்லை.

நோட்டில் முதல் பெயர் பெர்ஃபெக்தா தும்லாவ்,
அறுபத்திரண்டு, கருவாடு காயவைப்பவர், சிறுநீரகம்.
மருந்தகச் சன்னலுக்குக் கீழே
வீட்டிலிருந்து கொண்டுவந்த மடக்குக் கட்டில்.
மானாங், இனி நீங்கள் நூற்றொன்று என்றேன்.
மெத்தை வருமா?
இல்லை.
மின்விசிறி?
இல்லை.
வேறு என்னதான் வரும்?
எண், என்றேன்.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
மகன் ஜித்தாவிலிருந்து போன் போட்டு
எங்கே படுத்திருக்கிறாய் என்று கேட்பான்,
சன்னலுக்குக் கீழே என்று சொல்லக் கூசி
நான்கு நாளாய்ப் போனை எடுக்கவில்லை.
நூற்றொன்று.
ஏதோ ஓட்டல் மாதிரி இருக்கிறது,
சொல்லிவிடுகிறேன்.

வெள்ளி இரவு புயல்.
118க்கும் 123க்கும் நடுவே கூரை ஒழுகியது.
ஆம்புலன்ஸ்காரன் ஏணி போட்டு
வாசல் தார்ப்பாயை அவிழ்த்துவந்தான்.
அவசரத்தில் முகம் கீழ்ப்பக்கமாகிவிட்டது.
விடியும்வரை நூற்றிருபதும் நூற்றிருபத்தொன்றும்
மல்லாந்தபடி
அந்தச் சிரிப்பையே பார்த்துக் கிடந்தார்கள்.
ஒரு சொட்டு விழவில்லை,
அதையும் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை கடைசியாகத் தட்டிய எண் 287.
புயலில் விழுந்தவர்கள்
இன்னும் படகில் வந்துகொண்டிருந்தார்கள்.
கிடங்குக்கு ஒரு சீட்டு எழுதினேன்:
நீல நோட்டு, ஒன்று,
இருநூறு பக்கம்.